ஆயாமல் போன கீரைக்கட்டு

வடுவங்குடி கீழத்தெருவில் வேம்பு என்று இரண்டு பேர் இருந்தார்கள். நெட்டை வேம்பு நீடாமங்கலம் அரிசி மில்லில் நெல் அவிக்கப் போனவள். இது மற்றவள், மருதையன் பெண்சாதி. பிறந்தது திருவையாற்றுக்கு மேற்கே ஆற்றோரத்து ஊர். அக்காள் ரெங்கம்மாளுக்குப் பேறுகாலம் பார்க்க வந்தாள். அக்காள் அந்த இரண்டாம் பேற்றிலேயே போய்விட்டாள். கையில் இரண்டு பிள்ளைகளோடு நின்ற வேம்பை அக்காள் புருஷனின் தம்பிக்கே கட்டி வைத்தார்கள். அந்தத் தம்பிதான் மருதையன். அக்காள் பிள்ளை இரண்டு, தன் பிள்ளை இரண்டு, நான்கையும் அவள்தான் வளர்த்தாள்.

அக்காள் பெற்றுப்போட்ட குழந்தைக்காக வீடு வீடாகத் தாய்ப்பால் தேடி அலைந்த அலைச்சலில்தான் அவளுக்குக் கீரைப் பழக்கம் வந்தது என்பார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறவில்லை என்றால் இந்தப் பக்கத்தில் முதலில் தேடுவது அம்மான் பச்சரிசியை. வரப்போரத்தில் தரையோடு ஒட்டிக் கிடக்கும் சின்னப் பூண்டு. பருப்பில் போட்டுக் கடைந்து கொடுத்தால் மூன்றாம் நாள் மார் கனக்கும் என்பது பெண்கள் கண்ட கணக்கு.

மற்றவர்கள் கொண்டுவரும் கீரையை வாங்கிய வீட்டில் முறத்தில் கொட்டி ஆய்வார்கள். புல் இருக்கும், பழுத்த இலை இருக்கும், சமயத்தில் அட்டைகூட இருக்கும். வேம்பு அப்படிக் கொடுக்க மாட்டாள். தன் மடியிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்து, வேர் கிள்ளி, மண் உதறி, வாழைநாரால் கட்டித்தான் நீட்டுவாள். அதனால் அவள் கட்டை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அப்படியே தண்ணீரில் இரண்டு அலசல், நேரே சட்டி. வடுவங்குடியிலிருந்து நீடாமங்கலம் பள்ளிவாசல் தெரு வரைக்கும் அதுதான் வழக்கம். வேம்புக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. பிறகு அந்தக் கர்வம்தான் அவளுக்கு வினையாக வந்தது.

மழை பொய்த்த வருஷங்களில் கோதுமை மூட்டைகள் ரயிலில் வந்து இறங்கின. அதற்கடுத்து தண்டவாளச் சரிவில் புதிதாக ஒரு பூண்டு முளைத்தது. கிள்ளினால் அதிலும் பால். பெண்கள் அதற்குக் கோதுமைப் பூண்டு என்று பெயர் வைத்தார்கள். தெருவில் தங்கையன் என்று ஒருவர், வேம்புக்கு அண்ணன் முறை, அவருடைய இரண்டு ஆடுகள் அதை மேய்ந்துவிட்டுக் கழிந்து கழிந்து காலை நீட்டிவிட்டன. அறுத்துப் போட வந்த ஒருத்திக்கு அதன் பால் பட்டுக் கன்னம் கொப்பளித்தது.

அதற்குப் பிறகு வேம்புதான் எல்லாருக்கும் அடையாளம் சொன்னாள். "பாலை மட்டும் பாத்து ஏமாறாதீங்கடி. நம்முது தண்டு செவந்து சொணையா இருக்கும், இலை ரெண்டு ரெண்டா சோடி சேந்து நிக்கும், பூவு கக்கத்துல இருக்கும். அது தண்டு வழவழன்னு, உள்ளாற ஓட்டை. கீழ இலை ஒத்தை ஒத்தையா ஏறும், பூவும் காயும் உச்சந்தலையில இருக்கும். காயி ஆமணக்கங்காயி மாதிரி மூணு பொடப்பு."

"இம்புட்டு யாரு பாக்குறது?" என்றாள் நெட்டை வேம்பு.

"அப்ப இதைப் பாரு. மாமியா வீட்டுல கெடக்குற மாதிரி குனிஞ்சு கெடந்தா நம்முது. புருஷன்கிட்டேர்ந்து மணியார்டர் வந்தவ மாதிரி நிமிந்து நின்னா அது."

பின்னாளில் ஒரத்தநாட்டிலிருந்து வந்த விவசாய ஆபீசர் ஒருவர் இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தார். "ரெண்டுமே கப்பல்ல வந்ததுதாம்மா. இது பல தலைமுறைக்கு முன்னாடி, அது இப்ப" என்றார். வேம்பு யோசித்துவிட்டு, "அப்படின்னா இது குடியேறி நம்ம ஊராயிட்டு, அது இன்னும் லாரியில வந்த ஆளாவே இருக்கு" என்றாளாம். லாரியில் வந்த ஆள் என்று அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு.

கோட்டையில் ஆட்சி மாறி மூன்றாவது தை அது. கலத்துக்கு அரைப்படி கூலி கூடக் கேட்டுக் கீழத்தெரு அறுவாளைக் கீழே வைத்துவிட்டது. மிராசுதார் பஞ்சநதம் தர முடியாது என்று சொல்லிவிட்டு, வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார். வயலில் கைகலப்பானது. ஏழு பேர் மேல் கேஸ். அதில் முதல் பெயர் மருதையன். அவன் வெண்ணாற்றங்கரைச் செங்கல் காளவாயில் ஒளிந்திருந்தது வேம்புக்கு மட்டும் தெரியும். முந்தின வருஷம் மார்கழியில் கிழக்கே ஆட்களைக் குடிசைக்குள் வைத்து எரித்த சேதி வந்ததிலிருந்து, தெருவில் ஒருவரும் கதவை உள்ளே தாழிட்டுத் தூங்குவதில்லை. ஓட வேண்டி வந்தால் ஓட வேண்டுமே.

அந்த நேரத்தில்தான் பள்ளிவாசல் தெரு ஜன்னத் பீவியிடமிருந்து ஆள் வந்தது. பீவியின் மகள் நஃபீசாவுக்குப் பிள்ளை பிறந்து எட்டு நாள். மார் வற்றிக் கிடக்கிறது. மருமகன் ஜெக்கரியா பினாங்கில் இருக்கிறான். போன தடவை பிறந்தது பால் இல்லாமல் மெலிந்து நாற்பதாம் நாள் போய்விட்டது. "வேம்புகிட்ட சொல்லு, இந்தத் தடவை அவ கையிலதான் இருக்கு" என்று பீவி சொல்லி அனுப்பியிருந்தாள்.

காலையில் பனி விலகுமுன் வேம்பு புறப்பட்டாள். அவள் எப்போதும் பறிக்கும் வரப்புகள் எல்லாம் பஞ்சநதத்தின் வயல்கள். தடியோடு ஆட்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால் தண்டவாளத்தை ஒட்டிப் போனாள். சரிவின் அடியில், வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில், பச்சரிசி நன்றாகப் படர்ந்திருந்தது. குந்தி உட்கார்ந்து பாதி மடி பறித்திருப்பாள். ஜீப் சத்தம் கேட்டது.

ஓட நேரமில்லை. மதகு ஓரத்துப் பள்ளத்தில் அப்படியே குப்புறப் படுத்தாள். ஜீப் தலைக்கு மேலே பாதையில் நின்றது. பஞ்சநதத்தின் காரியக்காரர் இராஜாங்கத்தின் குரல் கேட்டது. கூட ஒரு ஏட்டு.

"அவனைப் புடிக்கிறதை விட அவன் பொண்டாட்டியைப் புடிங்க ஏட்டய்யா. ரெண்டு நாள் ஸ்டேஷன்ல ஒக்கார வெச்சா தானா வருவான்."

"பொம்பளையை எதைச் சொல்லிய்யா ஒக்கார வெக்கிறது?"

"காரணமா இல்ல? வரப்புல நின்னா திருட்டு. கையில எதுவும் இல்லாம நின்னா உளவு. நீங்க வெத்தலையைப் போடுங்க."

வேம்பு தரையோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள். கையில் எதுவும் இல்லாமல் நின்றால் உளவு. மடி நிறையக் கீரை இருந்தால், கீரைக்கு வந்தேன் என்று சொல்லலாம். அந்த ஒரு நினைப்புத்தான் அவளுக்கு. கண் மேலே ஜீப்பின் சக்கரத்தைவிட்டு நகரவில்லை. கை மட்டும் பக்கத்தில் துழாவித் துழாவிக் கிள்ளியது. கிள்ளிய இடத்தில் பிசுபிசுவென்று பால் ஒட்டியது. பால் இருக்கிறது, போதும் என்று கை மடியில் போட்டது. சத்தம் வராமல், நுனி நுனியாக, மடி நிறையும் வரைக்கும் கிள்ளினாள்.

வெற்றிலை எச்சில் அவள் முழங்கைக்கு அருகில் வந்து விழுந்தது. பிறகு ஜீப் கிளம்பிப் போயிற்று.

எழுந்தாள். இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவள் மடியைப் பார்க்காமல் கட்டினாள். வாழைநாரைச் சுற்றும்போதே கண் பாதையில் இருந்தது. குறுக்கே நடந்து ரயில்வே கேட்டைத் தாண்டிப் பள்ளிவாசல் தெருவுக்குப் போய், ஜன்னத் பீவி வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டினாள்.

"வந்துட்டியா. நீ வரமாட்டேன்னுல்ல நெனச்சேன், ஊரு கெடக்குற கெடப்புல" என்று பீவி கட்டை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். உள்ளே குழந்தை அழுதது. அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது, பூனைக்குட்டி முனகுவதுபோல் ஒரு சத்தம். "மத்தியானம் லுஹர் பாங்கு சொல்றதுக்குள்ள ஆக்கி நஃபீசா வயித்துல போட்டுடுறேன். ஒரு வாய் காபி குடிச்சுட்டுப் போ."

"வேணாம் பீவிம்மா. வெளிச்சத்துல ரொம்ப நேரம் நிக்கக்கூடாது நான்."

திரும்பி வரும் வழியில் பாதி தூரத்தில் வெயில் ஏறிவிட்டது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்க, வலது கையால் துடைத்தாள். நாலு எட்டு வைத்திருப்பாள், கண்ணுக்குள் மிளகாயைத் தேய்த்ததுபோல் எரிந்தது. வாய்க்கால் தண்ணீரை அள்ளி அடித்தாள். எரிச்சல் கூடியது. இமை வீங்கிக் கண் மூடிக்கொண்டது.

பச்சரிசிப் பால் அவள் கையில் படாத நாள் உண்டா? உதட்டு வெடிப்புக்கு அதைத் தடவியிருக்கிறாள், பிள்ளைகளின் மருவுக்கு வைத்திருக்கிறாள். ஒரு நாளும் எரிந்ததில்லை.

மற்ற கண்ணால் மடியை உதறிப் பார்த்தாள். சீலை மடிப்பில் ஒரு நுனி ஒட்டியிருந்தது. தண்டை விரலால் தடவினாள். சுணை இல்லை, வழவழவென்றிருந்தது. உச்சியில் கொத்தாகப் பூ, அதன் நடுவில் மூன்று புடைப்புக் காய் ஒன்று.

வேம்பு பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

எவ்வளவு போட்டோம், பாதியா, பாதிக்கு மேலா என்று அவளுக்குத் தெரியவில்லை. தங்கையனின் ஆடுகள் கால் நீட்டிக் கிடந்தது கண்ணில் வந்தது. எட்டு நாள் பச்சை உடம்பு. அந்த மாரைத்தான் குழந்தை சப்பும். அதற்குப் பின்னால் இன்னொரு பயம் வந்தது. கீழத்தெருக்காரி கீரையில் விஷம் வைத்துவிட்டாள் என்று ஒரு வார்த்தை வெளியே வந்தால் போதும், பஞ்சநதத்துக்கு வேறொன்றும் வேண்டாம். தெருவில் ஒரு கூரை மிஞ்சாது. பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டால் என்ன? ஆட்டுக்கு ஆனது ஆளுக்கு ஆகுமா? வெந்தால் விஷம் முறிந்துவிடாதா? அந்தக் கட்டை அவர்கள் ஆய்ந்து பார்க்க மாட்டார்களா?

ஆய மாட்டார்கள். அவள் கட்டை யாரும் ஆய மாட்டார்கள்.

எழுந்து வந்த வழியே நடந்தாள். ஆற்றுப் பக்கமாகச் சுற்றிப் போனால் பாங்குக்குள் போய்ச் சேர முடியாது. கேட் வழிதான். கேட்டில் அந்த ஜீப் நின்றது.

இராஜாங்கம் அவளைப் பார்த்ததும் பானெட்டிலிருந்து இறங்கினார். "வாடியம்மா. தேடிக்கிட்டு இருந்தோம், நீயே வர்ற. எங்க உன் புருஷன்?"

"தெரியாதுங்க ஐயா."

"தெரியாமத்தான் இந்த வேர்வை வேக்குதா? இவ்வளவு அவசரமா எங்க போற?"

உண்மையைச் சொன்னால் பீவி வீட்டில் விஷம் என்று இவர்தான் முதலில் கத்துவார். பொய் சொல்லத் தெம்பு இல்லை. அப்போது கண் சுரீரென்று எரிந்தது. முந்தானையை விலக்கி முகத்தைக் காட்டினாள்.

"கண்ணுல பூண்டுப் பால் பட்டுட்டுங்க. பள்ளிவாசல் தெருவுல புள்ளை பெத்தவங்க ஒருத்தங்க இருக்காங்க. ரெண்டு சொட்டு தாய்ப்பால் விட்டுக்கலாம்னு போறேன். நேரமானா கண்ணு போயிடும்ங்க."

ஏட்டு குனிந்து பார்த்தவர் முகத்தைச் சுளித்தார். "என்னய்யா இது, கோலிகுண்டு மாதிரி வீங்கியிருக்கு."

இராஜாங்கமும் பார்த்தார். "எங்கம்மாவுக்கு நெல்லுச் சொணை விழுந்தப்ப அதான் விட்டாங்க" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். பிறகு பழைய குரல் வந்துவிட்டது. "போ. போயிட்டு இந்த வழியாவே வரணும். ரெண்டு கண்ணும் இருந்தாத்தான் புருஷனைச் சரியா அடையாளம் காட்டுவ."

கேட்டைத் தாண்டும் வரைக்கும் நடந்தாள். தாண்டியதும் ஓடினாள். பள்ளிவாசல் தெரு முனைக்கு வரும்போது பாங்கு சொல்ல ஆரம்பித்துவிட்டது. கொல்லைக் கதவைத் தட்டாமல் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அந்த வீட்டு நடை தாண்டி அதுவரை அவள் போனதில்லை.

நஃபீசா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. பச்சையாகப் பிசைந்த சோறு. கை வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் இருந்தது, கன்னம் அசைந்துகொண்டிருந்தது.

"துப்புங்க நஃபீசாம்மா. முழுங்காதீங்க. துப்புங்க."

நஃபீசா பயந்து வாயிலிருந்ததைத் தட்டிலேயே துப்பினாள். பீவி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். வேம்பு தரையில் விழுந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு சொன்னாள். ஜீப்பையும், பள்ளத்தையும், பார்க்காமல் கிள்ளியதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, சீலையில் முடிந்து வைத்திருந்த அந்த நுனியை எடுத்துக் காட்டினாள்.

பீவி அதை வாங்கவில்லை. முகத்தில் ரத்தம் இல்லை. "எத்தனை வாய் தின்ன?" என்று மகளைக் கேட்டாள்.

"ஒண்ணும்மா. இது ரெண்டாவது. தொண்டை என்னமோ கரகரங்குது."

உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தார்கள். சட்டியோடு கொண்டுபோய்க் கொல்லைக் கோடியில் குழி வெட்டிக் கொட்டி, கோழி கிளறாமல் மேலே அம்மிக் குழவியைப் புரட்டி வைத்தாள் வேம்பு. குழந்தையை மாரில் விடக்கூடாது என்று அடுத்த வீட்டு ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்துச் சப்பக் கொடுத்தார்கள். பிறகு மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். செய்வதற்கு வேறு ஒன்றுமில்லை.

அந்த மத்தியானம்தான் வேம்பு வாழ்ந்ததிலேயே நீளமான மத்தியானம். நஃபீசா வயிற்றைத் தொட்டால் இவளுக்கு உயிர் போய் வந்தது. ஒரு முறை நஃபீசா எழுந்து கொல்லைக்குப் போனாள். பீவி கூடவே போனாள். வேம்பு காதை மட்டும் அங்கே வைத்துக்கொண்டு, அசையாமல் இருந்தாள். இன்னொரு முறை போனாள். மூன்றாவது முறை போகவில்லை. சாயங்காலம் அஸர் தொழுகைக்குத் தெருவில் ஆள் நடக்கிற நேரத்தில் நஃபீசா, "அம்மா, பசிக்குது" என்றாள்.

ஜன்னத் பீவி அப்போதுதான் அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேம்பின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுல இராஜாங்கம் நிக்கிறான்னியே. அவனைத் தாண்டி எப்படிடி வந்த?"

"தாய்ப்பால் விட்டுக்கப் போறேன்னு சொன்னேங்க."

"அப்ப விடாம போனா அவன் கண்டுபுடிச்சுடுவானே. நஃபீசா, அவ கண்ணைப் பாரு."

"வேணாம் பீவிம்மா. புள்ளைக்கே இல்லாதது."

"பேசாம மல்லாந்து படு."

நஃபீசா அவள் தலையை மடியில் வைத்து, இமையை விரலால் பிரித்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு சொட்டு, இன்னொன்று, வெதுவெதுப்பாக விழுந்தன. மூன்றாவது வரவில்லை.

"இதை நானும் சொல்லல, நீயும் சொல்லாத" என்று பீவி வாசலில் சொன்னாள். வேம்பு கேட்டுக்கு வந்தபோது ஜீப் அங்கே இல்லை. பீவி சொன்ன சொல் தவறவில்லை. ஆனாலும் தவறிவிடுவாளோ என்று வேம்பு ஒரு மாதம், தெருவில் எந்த வண்டி வந்தாலும் பிள்ளைகளை எழுப்பி உட்கார வைத்தாள். மாசியில் கூலிக்கு ஒரு பேச்சு முடிந்து, மருதையன் காளவாயிலிருந்து வந்து ஆஜராகி, பதினாறு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தான். அவனிடம்கூட அவள் சொல்லவில்லை.

அதெல்லாம் பிந்தி நடந்தது. நஃபீசா தட்டில் துப்பிய மறுநாளே வேம்பு மறுபடி போனாள். இந்தத் தடவை தங்கையன் வீட்டுக் கொல்லையில் பறித்தாள். மடியில் ஒவ்வொன்றாகத் தண்டைத் தடவிக் கக்கத்தைப் பார்த்துக் கட்டியிருந்தாள். பீவி வாங்கி, வழக்கம்போல் தண்ணீர்க் குண்டானுக்குக் கொண்டுபோனாள்.

"பிரிச்சு ஆயுங்க பீவிம்மா."

"பாத்துத்தானே கட்டியிருப்ப?"

"பாத்துத்தான் கட்டியிருக்கேன். ஆயுங்க. நான் நிக்கிறேன்."

முறம் வந்தது. பீவியும் நஃபீசாவும் ஒவ்வொரு கொடியாக எடுத்துப் புரட்டிப் பார்த்தார்கள். வேம்பு அவர்கள் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் நாளா நான்காம் நாளா என்று பீவிக்குப் பிறகு நினைவில்லை, நஃபீசாவின் ரவிக்கை நனைந்தது. அந்தப் பையன்தான் மூஸா. இப்போது அவனுக்கே பேரன் இருக்கிறான்.

அதற்குப் பிறகு வேம்பு எந்த வீட்டுக்குக் கீரை கொடுத்தாலும் கொல்லையில் நின்று ஆயச் சொன்னாள். "என்ன வேம்பு, உன் கட்டுக்கே ஆய்ச்சலா? வயசாயிட்டா?" என்று கேலி செய்தவர்கள் உண்டு. "ஆமாம், கண்ணு சரியில்ல" என்பாள். அது பொய்யுமில்லை. வலது கண்ணில் ஓரமாக ஒரு பூ விழுந்து, காற்றுப் பட்டால் நீர் வடியும். முறத்தில் கடைசிக் கொடியைப் புரட்டிப் போடும் வரைக்கும் அவள் மூச்சுவிட மாட்டாள். போட்டதும், முந்தானையால் அந்தக் கண்ணைத் துடைத்துக்கொண்டு புறப்படுவாள். துடைப்பதற்கு முன் கையை ஒருமுறை பார்த்துக்கொள்வாள்.